வாய்ப்பூட்டுக்கு அக்கா எழுதிய பதில்கள்

"இவன் மட்டும் என் கையில கிடைச்சான், தொலைஞ்சான்!" என்று சொல்லிக்கொண்டே அக்கா என் அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டும் வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. "டீ கொண்டுவந்திருக்கேன். வலது கைப் பக்கம் வைக்கிறேன். சூடா இருக்கு. முக்கால் டம்ளர்தான். பக்கத்துல ஹெட்ஃபோன் வயர் கிடக்கு, கை பட்டுடப் போகுது. அந்த வாய்ப்பூட்டு மறுபடியும் எழுதியிருக்கான்டா."

டீ எங்கே இருக்கிறது என்று வாசனையிலேயே எனக்குத் தெரியும். வாய்ப்பூட்டு எழுதியதும் தெரியும். எழுதியவனே நான்தான்.

அக்கா இணையதளங்கள் வடிவமைக்கிறவள். முன்னறைதான் அவளுடைய அலுவலகம். அவளைப் போன்றவர்கள் கூடிப் பேசுவதற்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பார்வை இல்லாதவர்களும் பயன்படுத்தும்படி தளங்களை எப்படிச் செய்வது என்று அதில் ஒருவர் கேட்பார். பத்துப் பேர் பதில் சொல்வார்கள். அப்புறம் அந்தப் பத்துப் பேரும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். கேட்ட ஆள், பாவம், எப்போதோ ஓடிப்போயிருப்பார். அந்தக் குழுவில் அக்கா வைத்ததுதான் சட்டம். ஏனென்றால் அவள் ஒவ்வொரு பதிலையும் 'எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்' என்றுதான் தொடங்குவாள். அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்?

அந்த ஒருவர் நான்தான். நரம்பில் வந்த ஒரு நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதுவரை கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். தனி வீடு, தனிச் சாவி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய்ப் பொங்கவிட்டால் கேட்க ஆளில்லாத வாழ்க்கை. மருத்துவமனையிலிருந்து அக்கா என்னை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவள் இல்லையென்றால் அந்த முதல் வருடத்தில் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. இதை மறந்தால் எனக்கு நல்ல கதியே கிடைக்காது. ஆனால் அன்றைக்குத் திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை.

"இடது பக்கம் நாற்காலி. முன்னாடி செவரு. மழை வர்ற மாதிரி இருக்கு. உன் சட்டை நீலம். பக்கத்து வீட்டு அம்மா உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, நீயும் சிரி." இப்படியே பொழுது விடிந்து பொழுது போகும். நான் ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தாலும், யாருடனாவது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நடுவில் புகுந்து சொல்லிவிட்டுத்தான் போவாள். சாப்பிடும்போது தட்டில் இருப்பதையெல்லாம் ஒருமுறை ஒப்பித்துவிட்டு, "பொறுமையா சாப்பிடு" என்பாள். பொறுமையாகக் கேட்டு முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

இது போதாதென்று கணினியில் இன்னொருத்தி இருக்கிறாள். திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருள். வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆனால் வாயாடியை நிறுத்த ஒரு விசை போதும். அந்த நிம்மதியாவது இருந்தது. அக்கா அதற்கும் வேட்டு வைத்தாள்.

குழுவில் அவள் ஒரு ஆலோசனை எழுதினாள். அதை எல்லோரும் கொண்டாடி, பக்கத்தின் உச்சியில் ஒட்டிவைத்தார்கள். பார்வையற்ற ஒருவர் தளத்துக்குள் வந்ததும் ஓர் உதவிப் பெட்டி திறக்க வேண்டுமாம். எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று அது முழுக்கச் சொல்ல வேண்டுமாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம், ஏதும் விட்டுப்போகக் கூடாதில்லையா! சொல்லி முடித்து, 'புரிந்தது' என்ற பட்டனை அழுத்தும்வரை ஆளைப் பெட்டியைவிட்டு வெளியே விடக்கூடாதாம். தப்பிப்பதற்கென்றே விசைப்பலகையில் எஸ்கேப் என்று ஒரு விசை இருக்கிறதே, அதையும் பூட்டிவிட வேண்டுமாம். தவறுதலாகக் கை பட்டுவிடும், பாவம், வழி தவறிவிடுவார். பெட்டிக்குள் என்ன பேச வேண்டும் என்பதையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். எழுதியதை முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். வேறு என்ன சொல்வது? அவள் குரல் தழுதழுத்திருந்தது.

அன்று பகலிலேயே வாய்ப்பூட்டு பிறந்தான். அந்தப் பெயரில் குழுவில் சேர்ந்து எழுதினேன்: 'நான் பார்வையற்றவன். வழி தவறினால் தவறட்டும், திரும்பி வரத் தெரியும். வெளியே போக ஒரு கதவு வையுங்கள். அது போதும்.'

முன்னறையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டச்சுச் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கேட்டது. வாயாடி எனக்கு அக்காவின் பதிலைப் படித்தாள்: 'எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். நீங்கள் பார்வையற்றவர்தானா என்றே எனக்குச் சந்தேகம்.'

அப்புறம் தினமும் இதே கூத்துதான். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். குழு இரண்டாகப் பிளந்தது. அக்கா கட்சி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றது. என் கட்சி எதையும் சொல்லாதே என்றது. சண்டை என்று வந்துவிட்டால் வாய்க்கு வந்ததெல்லாம் எழுத்தாகிவிடுகிறது. 'படம் என்று ஒன்று இருந்தாலே குரலுக்கு எட்டாமல் மறைத்துத் தொலையுங்கள். ஒவ்வொரு படத்தையும் வாசித்து எங்கள் உயிரை வாங்காதீர்கள்' என்று ஒருநாள் ஆத்திரத்தில் எழுதினேன். அதற்கும் ஏகப்பட்ட கைதட்டல்.

அக்கா சும்மா இருப்பாளா? என்னிடமே வந்தாள். "நீ பேசு, நான் பதிவு பண்ணிப் போடறேன். 'நான் பார்வையற்றவன், அக்கா சொல்றதுதான் சரி'ன்னு ரெண்டு வார்த்தை. அவன் வாயை அடைக்கணும்டா."

எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டும். எந்தத் தலைவிதிக்காரனுக்கு இது வாய்த்திருக்கும்? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் கைபேசியை என் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள். பேசினேன்.

அந்தக் குரல் குழுவில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை. என் குரலுக்கு நானே வாய்ப்பூட்டாகப் பதில் எழுதினேன்: 'ஒண்டியிருக்கும் வீட்டில், எதிரே ஆள் நிற்கும்போது சொன்ன சாட்சி செல்லாது.'

அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு டீயோடு வந்திருந்தாள். "உன்னைப் போய் ஒண்டிக் கிடக்கிறவன்னு சொல்றான்டா! சோத்துக்கு வாலாட்டுற நாயின்னு சொல்லாம சொல்றான். எனக்கு வயிறு எரியுது. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே, என்ன?"

"வச்சுக்கல அக்கா."

"டீ ஆறுது பாரு."

அவள் போனதும் கதவு முழுதாகச் சாத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். எனக்கு அன்று வேறொரு வேலை இருந்தது. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். ரயிலில் ஓர் இரவுப் பயணம் போக வேண்டிய ஊர். குரல் வழியாகவே தேர்வு வைத்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்குப் பின்னாலேயே எனக்கு ஓர் அறை, தனிச் சாவி. சம்மதத்தை அவர்களுடைய தளத்தில் அன்று மாலைக்குள் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அழுதால் நான் போக மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சம்மதத்தைக் கொடுத்துவிட்டு, மாற்ற முடியாது என்று ஆனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோழைத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

தளத்தைத் திறந்தேன். விண்ணப்பத்தில் பார்வையற்றவன் என்று குறித்திருந்தேன் அல்லவா, எனக்கென்று தனி ஏற்பாடு செய்திருந்தார்கள். வாயாடி தொடங்கினாள்: "அன்புக்குரியவரே, பயப்படாதீர்கள். நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் உங்கள் கூடவே இருக்கிறோம்..."

அக்கா எழுதிய வரிகள். ஒரு புள்ளி மாறாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

சரி, கேட்டுத் தொலைப்போம் என்று முழுவதையும் கேட்டேன். முடிந்ததும் 'புரிந்தது' பட்டனைத் தேடி விசையைத் தட்டினேன். தலைப்பு வந்தது. அடுத்து செய்தி வந்தது. அடுத்து 'மீண்டும் கேட்க' வந்தது. அதற்கடுத்து மறுபடி தலைப்பு. தலைப்பு, செய்தி, மீண்டும் கேட்க. தலைப்பு, செய்தி, மீண்டும் கேட்க. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். பட்டனைக் காணோம். எஸ்கேப் விசையை அடித்தேன், அசையவில்லை. பக்கத்தை மூடித் திறந்தேன். "அன்புக்குரியவரே, பயப்படாதீர்கள்." வாயாடியின் வாயை அடைத்தேன். விட்டதும் முதலிலிருந்து, "அன்புக்குரியவரே." கைபேசியில் திறந்து பார்த்தேன். அங்கேயும் அவளேதான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சம்மதம் தளத்துல மட்டும்தான் சார் கொடுக்க முடியும். ஆனா நீங்க கவலையே பட வேண்டாம். உங்கள மாதிரி ஆளுங்களுக்காகவே செஞ்ச தளம் சார் அது. நிபுணர்ங்க குழுவுல என்னென்ன சொன்னாங்களோ, எல்லாத்தையும் செஞ்சிருக்கோம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம சார்."

"அங்க பட்டனே வரலைங்க."

"இருக்கு சார், இதோ என் கண்ணு முன்னாடியே இருக்கு. பெருசா, பச்சையா. பக்கத்துல யாராவது இருந்தா பார்க்கச் சொல்லுங்களேன்."

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மாமாவைக் கூப்பிட்டேன். அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். ஏதோ கட்டடத்தில் ஆட்கள் கத்தும் சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"மாமா, எப்ப வருவீங்க?"

"பொழுது சாயும் மாப்ளே. லிஃப்டுக்குள்ள ஆறு பேர் மாட்டிக்கிட்டு உயிரை எடுக்கிறாங்க. என்ன விஷயம்?"

"திரையில ஒண்ணு பார்க்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு? உங்க அக்கா செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கா. ஒரு குரல் கொடு, ஓடி வரப் போறா."

"அவளை மட்டும் கூப்பிட முடியாது மாமா."

"ஏன்?"

ஊமை கண்ட கனவு. அதற்குள் அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள இருக்கிறவங்க தட்டாதீங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல!" என்று மாமா அவர்களை அதட்டிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அதற்காவது இரண்டு பக்கமும் நெருப்பு என்று தெரியும். எனக்கு ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கமும் அக்கா. மறுபடி சுற்றினேன். தலைப்பு, செய்தி, மீண்டும் கேட்க. ஜன்னல் வழியாகக் கையில் விழுந்துகொண்டிருந்த வெயில் மெல்ல விலகிப் போனது. கடைசியில் கூப்பிட்டேன்.

"அக்கா!"

ஓடிவந்தாள். "என்னடா? விழுந்துட்டியா? இடிச்சுக்கிட்டியா?"

"ஒரு பட்டன் கிடைக்கல. எங்க இருக்குன்னு மட்டும் பாரு. வேற எதையும் படிக்காதே."

இந்த உலகத்தில் அவளிடம் சொல்லக்கூடாத ஒரு வாக்கியம் உண்டென்றால் அது இதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே இருந்து தொடங்கினாள். "இடது மூலையில ஒரு சின்னம் இருக்கு, நீலம். பக்கத்துல நிறுவனத்தோட பேரு. கீழ, 'பணியில் சேரச் சம்மதம்'. அதுக்குக் கீழ உன் பேரு. 'தங்கும் அறை வேண்டும்'னு டிக் போட்டிருக்கு. ஊரு..."

ஊரின் பெயரைப் படித்தாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் வேறொரு பக்கம் பாய்ந்தாள். "பட்டன் இருக்குடா. ஆனா இந்தத் தளத்தைச் செஞ்சவன் பட்டனை எழுத்தா வைக்கல, படமா வச்சிருக்கான். படத்தையெல்லாம் குரலுக்கு எட்டாம மறைச்சு வேற வச்சிருக்கான். மறைச்சா வாசிக்குமா? மறைக்கச் சொன்னது யாரு? அந்த வாய்ப்பூட்டு! நான் ஆளைப் பிடிச்சு வைக்கச் சொன்னேன், அவன் படத்தை மறைக்கச் சொன்னான். இவன் ரெண்டு பேரையும் திருப்திப்படுத்தறேன்னு கதவையே மறைச்சு வச்சுட்டான். நல்லா வருவான் அந்த வாய்ப்பூட்டு! அவன் மட்டும் இங்க இருந்தா..."

"இங்கதான் இருக்கான் அக்கா."

"எவன்?"

"நான்தான் அது. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன்."

முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். சிரிப்பு பாதியில் நின்றது. தெருவில் ஒரு வண்டி போனது. வாயாடி தன்பாட்டுக்கு, "தலைப்பு" என்றாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றாள் அக்கா. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"சொன்னேனே. தினமும் சொன்னேன். வெளிய போக வழி வேணும்னு சொன்னேன். கொஞ்சம் பேசாம இருன்னு சொன்னேன். நீதான் தினமும் பதில் போட்டே."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நாற்காலி நகரவில்லை. எழுந்து போனாளா, இருக்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா, திரையைப் பார்க்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் இந்த வாய் ஒரு நிமிடம் மூடாதா என்று ஏங்கினேன். மூடிக்கொண்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. நிஜமாகவே இருட்டிவிட்டது போல இருந்தது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன பண்றே? சொல்லு. ஏதாவது சொல்லு அக்கா."

"பட்டனைத் தேடறேன்."

"பெருசா, பச்சையா இருக்குன்னு அந்த ஆள் சொன்னாரே."

"இருக்கும்டா. கண்ணு ரொம்பிக் கிடக்கு, ஒண்ணும் தெரியல."

அவள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையாலோ கையாலோ முகத்தைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் வலது கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். பார்வை போன நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். மேலே, கொஞ்சம் வலதுபுறம், இன்னும் கொஞ்சம். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினாள். கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

எடுத்தாள். "அந்தப் படத்து மேலதான் இருக்கே. இந்தப் 'புரிந்தது'வை அழுத்தினா உன் சம்மதமும் சேர்ந்து போயிடும்னு கீழயே போட்டிருக்கு. ஆட்டாதே. போகணும்னா அழுத்து."

அழுத்தினேன்.

"உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது" என்றாள் வாயாடி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்வதற்குள் இன்னொரு பெட்டி திறந்துகொண்டது. "அன்புக்குரியவரே, பயப்படாதீர்கள். நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் உங்கள் கூடவே இருக்கிறோம். உங்கள் இடதுபுறத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வோம். வலதுபுறத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வோம். உங்களை எங்கேயும் தவறிப் போக விடமாட்டோம்..."

தான் எழுதியதை அக்கா முதல் தடவையாக அந்தக் குரலில் கேட்டாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், மூச்சே விடாத குரல். அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் அவளால் முடியவில்லை. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துடா அதை."

"நிறுத்த முடியாது அக்கா" என்றேன். "நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து சொல்லும்."